கரண்டு இருந்தவரைக்கும்

லாரிக்காரன் படம் எப்படி என்று கேட்டால்
எட்டு ஐம்பத்தெட்டு வரை நன்றாகத்தான் இருந்தது.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமைப் படம் டிஷ்ஷில் தொடங்கும்போது
சென்னையில் ஆறரை,
ரங்கூனில் எங்களுக்கு ஏழரை.
சனியனைச் சொல்லவில்லை, மணியைச் சொல்கிறேன்.
சரி, இரண்டையும்தான்.

எங்கள் தெருவுக்கு ஐந்திலிருந்து ஒன்பது.
பாட்டு நான்கு, மூன்றில் எழுந்து துணி மடிக்கலாம்.
சுங்கச்சாவடியில் அவன் லாரிக் கதவைத் திறந்து
ஒரு காலை வெளியே நீட்டினான்,
போயிற்று.
அந்தக் கால் இன்னும் தரையைத் தொடவில்லை.
ராத்திரி ஒரு மணிக்கு "மீ லாபீ!" என்று தெருவே கத்த
டிவி தானாக விழித்துக்கொண்டு
முடி கொட்டாத எண்ணெய் விற்றது.

திங்கள் காலை டீக்கடையில்
முழங்கால் தாடையை இடிக்கும் குட்டி ஸ்டூல்களில்
படத்தை ஒட்டுப்போட உட்கார்ந்தோம்.
சவரியப்பன் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்,
அவருக்கு ஒன்பதிலிருந்து ஒன்று.
"நல்ல மனுஷன் அந்த லாரிக்காரன்" என்றேன்.
"நல்லவனா? கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த பயல்!"
"தம்பி ஃபீஸ் கட்ட ரத்தம் வித்தானே?"
"எப்போ?"
"எட்டேகாலுக்கு."
"அப்போ ஒன்பதுக்கு மேல கெட்டுப்போயிட்டான்" என்றார்,
இச்சாக்குவேயை டீயில் முக்கி
அது ஊறி அறுந்து விழும்வரை யோசித்துவிட்டு.

மைமூன் அக்கா முழுப்படமும் பார்த்தாள்.
கீழே ஐஸ் கடை ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர்.
அது போடுகிற சத்தத்தில்
இதுவரை ஒரு வசனம் அவள் காதில் விழுந்ததில்லை.
அவள் கருத்து: எல்லாரும் ரொம்ப வாயசைக்கிறார்கள்.
கதாநாயகி அழுதும் மூக்கு சிவக்கவில்லை,
நம்ப முடியாது.
வில்லன் ஒருத்தன்தான் எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான்.
"அவனுக்குப் பொண்ணு குடுக்கலாம்."

நல்லபெருமாள் இரண்டு பாதியிலும் உட்கார்ந்திருந்தான்,
எதையும் பார்க்கவில்லை.
வீட்டுக்காரி கின் மே ஊவுக்குத் தமிழ் வராது.
மாமா என்றால் இந்த இடத்தில்
தாய்மாமனா, புருஷனா, போலீஸா
என்று பர்மியத்தில் பிரித்துச் சொல்வதற்குள்
சண்டையே முடிந்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாம்.
அவளுக்குப் படம் ரொம்பப் பிடித்தது என்றான்.
பிடிக்காதா பின்னே,
பாதி அவன் எடுத்த படம்.

ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனோம்.
எட்டு இருபதுக்கு இரண்டு நிமிஷம் ஒரு ரங்கூன் வந்தது,
லாரிக்காரனின் பாட்டன் இங்கே கடை வைத்திருந்தானாம்.
லோஞ்சியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய பர்மியர்கள்
செருப்பும் காலுமாகப் புத்தர் பயாவுக்குள் போனார்கள்.
கன்னத்துத் தனாக்காவை நெற்றியில் மூன்று கோடாக,
விபூதி மாதிரி இழுத்திருந்தாள் ஒருத்தி.
அந்த இடத்தில்தான் மைமூன் அக்கா சிரித்த சிரிப்பு
ஜெனரேட்டரைத் தாண்டி மாடிக்குக் கேட்டதாம்.

சவரியப்பன் சிரிக்கவில்லை.
எட்டு இருபதுக்கு அவர் இருட்டில்
விசிறியால் கொசுவை அடித்துக்கொண்டிருந்தவர்.
"நம்ம தெருவைக் காட்டினானா?"
தெரு மாதிரி ஒன்று வந்தது என்றேன்.
மாடிக்கு மாடி விளக்கு,
கம்பத்துக்குக் கம்பம்,
மூடிய கடை ஒன்றின் வாசலில்
வேலையில்லாமல் மினுங்குகிற சரவிளக்கு.
ஒரு ஜன்னல்கூட அணைந்து இல்லை.
"அப்போ நம்மளது இல்ல" என்றார்.

கிளாஸைத் தள்ளி வைத்தார்.
கொஞ்சம் கழித்து,
"பரவாயில்ல, இன்னொரு தடவை சொல்லு.
மாடிக்கு எத்தனை?"